நோட்டீஸில் இல்லாத விதி

பிப்ரவரி 18, ஞாயிறு

போட்டாச்சு. காலையில் பத்தே காலுக்கு குரூப்பில் லிங்க்கைப் போட்டேன். போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். நாலு சட்டை, ரெண்டு பேன்ட், ஒரு போர்வை. போர்வையை அலசும்போது ரெண்டு தடவை வந்து போனைத் திருப்பிப் பார்த்தேன். பொய் எதுக்கு, அஞ்சு தடவை.

போட்ட வாசகம் இதுதான்: "கானகப் படை ஆன்லைன் ஆட்டம், 0.1. கட்டியது சங்கரபாண்டி, ஓசூர். அரைகுறைதான். உடையும். உடைஞ்சா சொல்லுங்க, திட்டாதீங்க."

கானகப் படை என்பது தொண்ணூற்றேழு வாக்கில் ஒரு ரஸ்க் பாக்கெட்டுக்குள் வந்த சீட்டு. நாற்பத்தெட்டு மிருகம், கூடவே விதிகள் அச்சடித்த ஒரு நோட்டீஸ். ஒவ்வொன்றுக்கும் பலம், வேகம், உயிர் என்று மூன்று எண். ஆளுக்கு அஞ்சு மிருகம் எடுத்து மோதவிட வேண்டும். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. ஆனாலும் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிற கிறுக்குகள் டெலிகிராம் குரூப்பில் முப்பத்தாறு பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு ஊர். எதிரே உட்கார்ந்து ஆட ஆள் கிடையாது. அதுக்காகத்தான் ஆறு மாசமாக ஆபீஸ் விட்டு வந்து இதைக் கட்டினேன். எங்கெங்கோ இருக்கிற ரெண்டு பேர் பிரவுசரைத் திறந்தால் மோதிக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பழைய லேப்டாப்தான் சர்வர்.

இதுவரை அதில் ஆடியது நானும் நானும்தான். இடது பக்கம் ஒரு ஜன்னல், வலது பக்கம் ஒரு ஜன்னல். இந்தக் கை சங்கரபாண்டி, அந்தக் கை சங்கரபாண்டி. யார் ஜெயித்தாலும் டீ நான்தான் போடணும்.

அந்த முப்பத்தாறு பேரில் ஒரு நம்பர் என் தம்பி ராஜகுருவுடையது. குரூப்பில் அவன் ஒரு வார்த்தை எழுதியதில்லை. எனக்கும் எழுதியதில்லை, ஏழு வருஷமாக. கோயம்புத்தூரில் இருக்கிறான். வேலை அதிகம் போல. அவன் வந்து ஒரு ஆட்டம் ஆடினால் போதும், இந்த ஆறு மாசம் வீணில்லை.

சாயங்காலம் ஆறு மணி வரை லிங்க்கைத் திறந்தவர்கள் எட்டு பேர். ஆடியவர்கள் யாருமில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மூணு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண.

பிப்ரவரி 20, செவ்வாய்

முதல் ஆட்டம்! நாகப்பட்டினத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற தஸ்லிமா என்கிற பெண் மத்தியானம் ஆடக் கூப்பிட்டார். ஆபீஸில் தயிர்சாதத்தை இடது கையால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனில் ஆடினேன். ஏழாவது சுற்றில் அவருடைய கழுதைப்புலிக்கு உயிர் மைனஸ் பன்னிரண்டு ஆகியும் அது சாகாமல் என்னைக் கடித்துக்கொண்டே இருந்தது.

"சார், என் கழுதைப்புலி செத்தும் சண்டை போடுது. ரொம்ப நல்லா இருக்கு, ஆனா சரி பண்ணிடுங்க" என்று எழுதினார். அப்புறம் பதினோரு குறைகளை எண் போட்டு அனுப்பினார். லேபில் வேலை பார்க்கிறவர் அல்லவா, எல்லாவற்றையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துத்தான் பார்ப்பார். பதினொன்றாவது: "ஆடிட்டே பேச ஒரு சாட் பெட்டி வைங்க. ஊமைப் படம் மாதிரி இருக்கு."

சாட் பெட்டி அப்புறம் பார்க்கலாம். பேச என்ன இருக்கு, ஆடினால் போதாதா.

பிப்ரவரி 22, வியாழன்

கீழ் வீட்டு ஓனரம்மா கோயிலுக்குப் போகும்போது மெயினை ஆஃப் பண்ணிவிட்டுப் போய்விட்டார். லேப்டாப் பேட்டரி பல்லி வாலைவிடக் குட்டை. திருச்சியில் யாரோ ரெண்டு பேர் பாதி ஆட்டத்தில் இருந்தார்களாம், அத்தனையும் போச்சு. "மேல ஆள் இல்லேன்னு நெனச்சேன், எப்பவும் சத்தமே இல்லையே" என்றார் ஓனரம்மா. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் இருக்கிற மாதிரி யாருக்குமே தெரிவதில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்று ஆறு ஆட்டம் நடந்தது. நான் ஆடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒருத்தர் சிறுத்தையை இறக்குகிறார், இன்னொருத்தர் முள்ளம்பன்றியை இறக்குகிறார், அவர்களுக்கு நடுவில் என் கட்டில். சந்தோஷமாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது சமையல்காரன் ஓரமாக நின்று பார்ப்பானே, அப்படி.

ராத்திரி சாப்பாட்டுக்கு ரவா உப்புமா. உப்பு அதிகம்.

குறை ஒன்றுதான் வந்தது. ஆனால் அது ஒரு மாதிரி இருந்தது. ஆட்டத்தில் ‘மூச்சு’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். கடைசி மிருகம் மட்டும் மிஞ்சினால் அந்த ஆள் ஒரே ஒரு தடவை அதை அமுக்கலாம். அந்தச் சுற்றில் யாரும் அடிக்கக்கூடாது. தஸ்லிமா கேட்கிறார்: "இது எந்த நோட்டீஸ்ல இருக்கு சார்? நான் கேள்விப்பட்டதே இல்லையே." ஈரோட்டுக்காரர் ஒருத்தர், "ஜெயிக்கப் போற நேரத்துல இவன் மூச்சு விடறேன்னு நிக்கிறான், எரிச்சலா இருக்கு" என்கிறார்.

"விதி அதுதான், விருதுநகர் பக்கமெல்லாம் அப்படித்தான் ஆடுவோம்" என்று எழுதினேன்.

பிப்ரவரி 29, வியாழன்

விருதுநகர் பக்கமெல்லாம் என்றது கொஞ்சம் அதிகம். எங்கள் வீடு ஒன்றுதான்.

எங்களுக்கு ரஸ்க் பாக்கெட்டில் கிடைத்த நோட்டீஸ் எண்ணெய் பட்டு மடிப்போடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் பின்பக்கம் முழுக்கக் கிழிந்து வந்துவிட்டது. பாதி விதிதான் கையில் இருந்தது. மீதியை நாங்களே போட்டுக்கொண்டோம். தம்பி குருவுக்கு அப்போது ஒன்பது வயசு, எனக்குப் பதிமூணு. அவனுக்கு வீசிங். ஆட்டம் சூடாகிவிட்டால் போதும், இழுக்க ஆரம்பித்துவிடும். சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஆவி பிடிக்க அடுப்படிக்கு ஓடுவான். திரும்பி வருவதற்குள் நான் ஜெயித்துவிடுவேனோ என்று பயம் வேறு. பயத்தில் இன்னும் இழுக்கும். அதனால்தான் ‘மூச்சு’. மூச்சு என்று சொன்னால் ஆட்டம் அப்படியே நிற்கும்.

அதில் இன்னொரு பாதியும் இருந்தது. ஒருத்தன் மூச்சு கேட்டால், அடுத்தவன் தன் பெரிய மிருகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே சின்னதை முன்னால் வைக்க வேண்டும். அவன் ஆவி பிடித்துவிட்டு வரும்போது எதிரே யானை நிற்கக்கூடாது. என்னிடம் எப்போதும் யானையும் அணிலும் இருக்கும். யானைக்குப் பலம் தொண்ணூறு, அணிலுக்கு அஞ்சு. யானையை எடுத்துவிட்டு அணிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "போதும்ணே" என்று வந்து உட்காருவான். உட்கார்ந்த உடனே அணிலை அடிப்பான், ராஸ்கல்.

இந்த ரெண்டாவது பாதியை நான் புரோகிராம் கோடில் எழுதவில்லை. யாரும் கட்டாயப்படுத்திச் செய்ததில்லை அது.

மார்ச் 3, ஞாயிறு

தஸ்லிமா தன் பீரோவைக் குடைந்து முழு நோட்டீஸைக் கண்டுபிடித்து ஸ்கேன் பண்ணிப் போட்டுவிட்டார். முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும். இருபத்தேழு வருஷம் கழித்து அந்தப் பின்பக்கத்தைப் பார்க்கிறேன். சமமானால் என்ன செய்ய, ஒரே வேகம் இருந்தால் யார் முதலில், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மூச்சு மட்டும் இல்லை.

ஓட்டு வைத்தார்கள். எடுக்க வேண்டும் பதினாலு, இருக்கட்டும் ரெண்டு. அந்த ரெண்டில் ஒன்று நான். இன்னொன்று யாரென்று காட்டவில்லை. கை தவறி அமுக்கியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு 0.2 வரும்போது எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எடுப்பது நாலு வரி வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எடுத்துவிட்டால் அப்புறம் இது யாருடைய ஆட்டமோ. குரு ஒரு நாள் திறந்து பார்த்தால், அவனுக்கு என்னைத் தெரிய அதில் என்ன இருக்கும்?

மார்ச் 5, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டைப் படிக்க யார் இருக்கிறார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் குரு கோவையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண் பேர் பிரிசில்லா. அப்பாவுக்கு மதம் வேறு என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. பதிவு ஆபீசில் மூணு சாட்சி வேண்டும். அவன் கூட வேலை பார்க்கிறவர்கள் ரெண்டு பேர் வந்தார்கள். மூணாவது கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டான். "நம்ம வீட்டிலிருந்து ஒரு கையெழுத்து இருக்கணும்ணே, அவ்வளவுதான்" என்றான். வருகிறேன் என்றேன்.

கல்யாண நாள் மார்ச் 31. கணக்கு வருஷக் கடைசி, எங்கள் கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிற நாள். லீவு தரவில்லை. போக முடியவில்லை.

மார்ச் 9, சனி

ஒழுங்காக வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு. ரெண்டு மணிக்கு ஒரு ஆள் உள்ளே வந்தார். பேர் போடாமல் வந்தால் நான் நம்பர் கொடுப்பேன்: விருந்தினர்-14. வேறு யாரும் இல்லாததால் நானே ஆட உட்கார்ந்தேன். ஆள் நிதானமாக ஆடினார். என் காண்டாமிருகம் போச்சு, முதலை போச்சு, கழுகு போச்சு, மான் போச்சு. கடைசியில் என்னிடம் ஒரு நரி. எதிரே அவருடைய யானை. அடுத்த அடியில் நான் காலி.

நாளைக்கு எடுக்கப்போகிற பொத்தான்தானே, கடைசியாக ஒரு தடவை என்று மூச்சை அமுக்கினேன்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த யானை பின்னால் போனது. அணில் முன்னால் வந்தது.

யாரும் அப்படி ஆட மாட்டார்கள். ஜெயித்துவிட்ட ஆட்டத்தில் பலம் தொண்ணூறை எடுத்துவிட்டுப் பலம் அஞ்சை இறக்க எந்தக் கிறுக்கனுக்கும் தோன்றாது. பொத்தானில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. குரூப்பில் நான் சொன்னதில்லை. உலகத்தில் அது தெரிந்தவர்கள் ரெண்டே பேர்.

குரு. குருவேதான்.

எழுந்து நின்றுவிட்டேன். அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். ஆறு அடிதான் இருக்கும். திரும்பி வந்து அணிலை அடிக்க மனசில்லாமல் நரியை வைத்து ஏதோ பண்ணினேன். தோற்றேன். ஆள் போய்விட்டார். சாட் பெட்டி வைத்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தஸ்லிமா தலை தலையாக அடித்துக்கொண்டு சொன்னார்.

சர்வர் லாகைப் பார்த்தேன். இணைப்பு கோயம்புத்தூர் என்று காட்டுகிறது.

கடைக்குப் போய் அரை கிலோ காராசேவு வாங்கினேன். குருவுக்குப் பிடிக்கும். ஓனரம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். "தம்பி வந்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் மாடியை எட்டிப் பார்த்தார்.

மார்ச் 10, ஞாயிறு

0.2 இன்று வரவில்லை. "உடம்பு சரியில்லை" என்று குரூப்பில் போட்டேன்.

காலையிலிருந்து குருவுக்கு ஒரு மெசேஜ் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இது மட்டும் போனது: "யானையை எடுத்துட்டியேடா. பார்த்தேன்." ரெண்டு டிக் விழுந்தது. பார்த்துவிட்டான்.

பதில் வரும்.

மார்ச் 11, திங்கள்

பதில் வந்தது. வேறு நம்பரிலிருந்து. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வணக்கம். நான் பிரிசில்லா, குருவோட மனைவி. சனிக்கிழமை ஆடினது நான். அவர் இல்லை. நீங்க அனுப்பின மெசேஜை என்கிட்ட காட்டினார். அப்படியே எழுந்து போயிட்டார். நீங்க தப்பா நினைச்சுட்டு இருப்பீங்களேன்னு எழுதறேன்.

எங்க வீட்ல ரெண்டு பேரும் அடிக்கடி சீட்டு ஆடுவோம். மூச்சு கேட்டா யானையை எடுத்துடணும்னு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அதுதான் ரூல்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தேன். அவர் போன்ல குரூப்பைப் பார்த்தப்போதான் நோட்டீஸ்லயே இல்லைன்னு தெரிஞ்சுது. இருக்கட்டும்னு ஓட்டுப் போட்டதும் நான்தான்.

இன்னொண்ணு. கல்யாணத்தன்னைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் வாசல்ல நின்னோம். மூணாவது கையெழுத்து பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் போட்டார். அவர் யாருன்னே எங்களுக்குத் தெரியாது. சர்டிபிகேட்டை எடுக்கிறப்பல்லாம் அவர் பேரைப் படிக்கிறோம்."

எந்த முறையும் வைத்து என்னைக் கூப்பிடவில்லை. அண்ணன் என்றோ அத்தான் என்றோ சார் என்றோகூட இல்லை. நியாயம்தான். எந்த முறைக்கு நான் என்ன செய்தேன்?

காராசேவு மீதி நமுத்துப்போய்விட்டது.

மார்ச் 12, செவ்வாய்

ஏழு வருஷமாக நான் குருவை நினைத்துத்தான் வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த வாசலில் ஒரு பெண்ணும் நின்றாள் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. அவள்தான் எனக்காக யானையை எடுத்திருக்கிறாள்.

மார்ச் 13, புதன்

அன்றைக்கு லீவு கொடுத்தார்கள்.

கோபிநாத் சார் அப்போதும் மேனேஜர்தான். "தம்பி கல்யாணம்னா போய்ட்டு வாய்யா, ஸ்டாக்கை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். விடியக்காலையில் பஸ் ஏறினேன். புதுச் சட்டை. தர்மபுரி தாண்டும்போது அப்பா போன் பண்ணினார். "நீ போய் கையெழுத்துப் போட்டீன்னா எனக்கு ரெண்டு பிள்ளையும் இல்லைன்னு வச்சுக்கறேன்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சேலத்தில் பஸ் மாறணும். இறங்கினேன். கோவை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். போனை அணைத்தேன். ஆறு கோவை பஸ் என் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. ஒவ்வொன்றிலும் கண்டக்டர் "கோவை, கோவை" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். ஏழாவது வருவதற்குள் எழுந்து ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மறுநாள் குருவிடம் ஸ்டாக் என்றேன். "சரிண்ணே" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

அப்பா போய் மூணு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் குரு தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுப் போனான் என்று யாரோ சொன்னார்கள். அம்மா முன்னமே போய்விட்டாள். அப்பாவுக்கும் நான் பிள்ளையாக இருந்து ஒன்றும் ஆகவில்லை, தம்பிக்கும் அண்ணனாக இல்லை. பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான் விஷயம். ஏழு வருஷமாக இதை ஸ்டாக் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

குரூப்பில் எழுதினேன்: "மூச்சு நோட்டீஸில் இல்லை. விருதுநகரிலும் இல்லை. என் தம்பிக்கு வீசிங் இருந்ததால் நாங்க ரெண்டு பேரும் போட்டுக்கிட்ட விதி. உங்ககிட்ட பொய் சொன்னேன். இப்போ எடுத்துடறேன்."

தஸ்லிமா: "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே. நாங்க என்ன கல்லா?" அதுக்குக் கீழேயே: "ஆனா ரூல் ரூல்தான். ஒரு டிக் பெட்டி வைங்க. ‘வீட்டு விதி’ன்னு பேர் போடுங்க. வேணுங்கிறவங்க டிக் பண்ணிக்கட்டும். அப்புறம், அந்த சாட் பெட்டி."

சார் போய் அண்ணே ஆகியிருக்கிறது. ரெண்டு தடவை படித்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

குருவுக்கும் பிரிசில்லாவுக்கும் ஒரே மெசேஜைத் தனித்தனியாக அனுப்பினேன். "ஸ்டாக் இல்லை. லீவு கொடுத்தாங்க. சேலம் வரைக்கும் வந்தேன். அப்பாவுக்குப் பயந்து திரும்பிட்டேன். உங்க ரெண்டு பேரையும் வாசல்ல நிக்க வச்சேன். தப்பு என்னுதுதான்."

வேறு எதையும் சேர்க்கவில்லை. மன்னிச்சுடு என்று எழுதினால் அவர்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மார்ச் 20, புதன்

ரெண்டு டிக். ரெண்டு பேரும் படித்துவிட்டார்கள்.

மார்ச் 21, வியாழன்

ஒன்றுமில்லை. கியாஸ் தீர்ந்துவிட்டது.

மார்ச் 24, ஞாயிறு

0.2 போட்டாச்சு. கழுதைப்புலி இனிமேல் ஒழுங்காகச் சாகும். ஒரு சுற்றுக்கு அறுபது நொடிதான், அதுக்குள் ஆடாவிட்டால் தோல்வி. சாட் பெட்டி வைத்துவிட்டேன். ஆட்ட அறை திறக்கும்போது ‘வீட்டு விதி’ என்று ஒரு டிக் பெட்டி. தானாக அது ‘இல்லை’ என்றுதான் இருக்கும். டிக் பண்ணினால் மூச்சு உண்டு. மூச்சு கேட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும், கேட்டவர் ‘போதும்’ என்று அமுக்கும் வரை. யானையை எடுப்பதை இப்போதும் கோடில் எழுதவில்லை. அது கையால் செய்ய வேண்டியது.

சாயங்காலம் வரை பதினேழு ஆட்டம். பட்டியலைப் பார்த்தேன். வீட்டு விதி: இல்லை, இல்லை, இல்லை. பதினேழு இல்லை.

மார்ச் 27, புதன்

சனிக்கிழமை ஸ்டாக். லிஸ்ட் தயார் செய்ய வேண்டும். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

மார்ச் 30, சனி

இதை உட்கார்ந்த இடத்திலேயே எழுதுகிறேன். மடியில் நோட்டு, எதிரே திரை.

காலை ஏழே முக்காலுக்கு சட்டை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, கிளம்புமுன் பழக்கத்தில் பட்டியலைப் பார்த்தேன். ஒரு அறை திறந்திருந்தது. பேர்: ராஜகுரு. வீட்டு விதி: ஆம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

சாட்டில் அவனும் ஒன்றும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. வெறித்தனமாக ஆடினான். என் முதலையை ரெண்டே அடியில் முடித்தான். தப்பு பண்ணினால் விடவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், சின்ன வயசிலேயே அதுக்குக் கோபித்துக்கொள்வான். எட்டு இருபதுக்கு அவனிடம் ஆமை மட்டும் மிச்சம். ஆமையைத்தான் அவன் எப்போதும் கடைசியாக வைத்திருப்பான். என்னிடம் யானை, மான், அணில்.

மூச்சு என்று வந்தது.

யானையை எடுத்துவிட்டேன். அணிலை வைத்தேன். கடிகாரம் நின்றது.

8.40. இன்னும் ‘போதும்’ வரவில்லை. கோபிநாத் சார் போன் பண்ணினார்.

"பாண்டி, எங்கய்யா இருக்கே? எல்லாரும் வந்தாச்சு."

"லிஸ்ட்டை மெயில்ல அனுப்பிட்டேன் சார். இன்னைக்கு நான் வரல."

"இன்னைக்கா? ஸ்டாக்கய்யா. என்ன ஆச்சு?"

"தம்பி கூப்பிட்டிருக்கான் சார். அவன்கூட இருக்கேன்."

"சரி, இரு" என்று வைத்துவிட்டார். இவ்வளவுதானா அது. இந்த ஒரு வாக்கியம்தான் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

8.55. சாட் பெட்டியில் ராஜகுரு என்கிற பேரில் எழுத்து வந்தது. எழுதியது அவனில்லை.

"நான் பிரிசில்லா. அவருக்கு நிஜமாவே இழுக்குது. காலையிலருந்தே இருந்துச்சு, சொல்லாம ஆட உட்கார்ந்துட்டார். நெபுலைசர் வச்சிருக்கேன். பயப்பட ஒண்ணுமில்லை. சிஸ்டத்தை மூட விடமாட்டேங்கிறார். போயிடாதீங்க அத்தான்."

"போகல" என்று எழுதினேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எழுத்துப் பிழை இல்லாமல்தான் போயிருக்கிறது.

9.10. ஓனரம்மா படியேறி வந்தார். சாயங்காலம் வரை வெளியே போகிறாராம், மெயினை அணைக்கலாமா என்று கேட்டார். "வேண்டாம்மா, மேல ஆள் இருக்கோம்" என்றேன்.

9.31. ‘போதும்’ வந்துவிட்டது. வந்த மறு நொடியே ஆமை என் அணிலைக் காலி பண்ணிவிட்டது. சின்ன வயசிலும் இப்படித்தான், மூச்சு வந்த உடனே அடிப்பான், ஒரு நன்றி கிடையாது.

இப்போது என் முறை. நோட்டை மூடுகிறேன்.